ஷா காலத்து இங்கிலாந்து நாடகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடக முடிவில், பூ விற்ற எலைசா தனக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஹிக்கின்ஸைக் கட்டிக்கொள்கிறாளா?

பதில்: இல்லை.

கேள்வி: ஷா காலத்தில் நாடகத் தணிக்கை அவ்வளவு கடுமையா?

பதில்: லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரி உரிமம் தந்தால்தான் பொது மேடை. 1968 வரை இதே கதை. ஷாவின் 'மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்' 1893ல் எழுதியது, 1902ல் ஒரு சங்கத்து உறுப்பினர்களுக்கு மட்டும் நடித்தார்கள், இங்கிலாந்தில் பொது மேடை 1925ல்தான். 1907ல் கிரான்வில் பார்க்கரின் 'வேஸ்ட்' தடையானபோது 71 எழுத்தாளர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தும் தணிக்கை அசையவில்லை. அதனால்தான் எப்போதும் சொல்கிறேன், எழுதிய ஆண்டையும் மேடையேறிய ஆண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: 'ஹிண்டில் வேக்ஸ்' ஃபேனி வீட்டுக்கு அவமானம் தேடித்தந்தவள். அவளை ஏன் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: கதை தெரியாதவர்களுக்காக: ஸ்டான்லி ஹௌட்டன் எழுதியது, 1912. லங்காஷயரில் தறி ஓட்டும் ஃபேனி, மில் விடுமுறையில் முதலாளி மகன் ஆலனோடு வெளியூரில் தங்கிவிட்டு வருகிறாள். விஷயம் வெளியே வந்ததும் பெரியவர்கள் கூடிக் கல்யாணம் பேசுகிறார்கள், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மாட்டேன் என்கிறாள், அவனுக்கு நான் பொழுதுபோக்கு என்றால் எனக்கும் அவன் அப்படித்தான் என்கிறாள். கூடவே போன ஆலனுக்கு என்ன அவமானம் வந்தது, சொல்லுங்கள்?

கேள்வி (அதே நண்பர்): பேச்சு சரி, வீட்டைவிட்டுப் போனால் சோற்றுக்கு?

பதில்: தறி ஓட்டுவாள்! லங்காஷயர் நெசவில் நெய்த துணிக்கு இவ்வளவு என்று கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். அந்தத் தைரியம் அங்கிருந்து வருகிறது. சிசிலி ஹாமில்டனின் 'டயானா ஆஃப் டாப்ஸன்ஸ்' (1908) பாருங்கள், கடையிலேயே தங்கி, அற்பச் சம்பளத்துக்கு வேலை செய்து, அதிலும் அபராதம் கட்டும் விற்பனைப் பெண்கள். கையில் வந்த 300 பவுண்டைச் செலவழித்துவிட்டு டயானா கடைசியில் கல்யாணத்துக்குத்தான் வந்து சேர்கிறாள். குணத்தை விடுங்கள், கூலியைப் பாருங்கள்.

கேள்வி: எலைசாவும் ஹிக்கின்ஸும் சேர்ந்துவிட்டதாக 'பிக்மேலியன்' படத்தில்...

பதில்: படத்தை வைத்து நாடகத்தைப் பேசாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? 1914ல் லண்டன் மேடையிலேயே ஹிக்கின்ஸாக நடித்த ட்ரீ, கடைசியில் எலைசாவுக்குப் பூவை வீசிக் காதலாக்கப் பார்த்தார், ஷாவுக்குக் கோபம் தாங்கவில்லை. அவள் கட்டுவது அவளைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியை என்று 1916ல் பின்னுரையே எழுதிச் சேர்த்தார்.

கேள்வி: ஷேக்ஸ்பியர் பற்றி?

பதில்: அது என் காலம் இல்லை. வேறு ஆளைக் கேளுங்கள்.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: 'ஹிண்டில் வேக்ஸ்'. மூன்றே அங்கம். கடைசி அங்கத்தில் ஃபேனி மறுக்கும்வரை அவளுக்காக யார் யார் முடிவெடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வாசியுங்கள்.