கரகம் ஆடுகிறவருக்கும் இந்தச் சட்டம் உண்டு

கேள்வி: சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். பதினான்கு வருடமாகக் கரகம் ஆடுகிறேன். செட்டில் எட்டுப் பேர். விடிய விடிய ஆடினால் எனக்கு 1,500 ரூபாய், என்னோடு ஜோடியாக ஆடும் ஆண் கரகத்துக்கு 2,500. வைகாசியில் மூக்கையூர்ப் பக்கம் ஆடிவிட்டு வேனில் திரும்பும்போது செட் நடத்துபவர் என்னிடம் தப்பாக நடந்தார். கையைத் தட்டிவிட்டேன். அதன்பிறகு இரண்டு வாரம் ராத்திரியில் போன். நான் மசியவில்லை என்றதும் ஆட்டத்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். வாங்கிய 20,000 முன்பணத்தைக் கொடுக்காமல் வேறு செட்டுக்குப் போகக் கூடாதாம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குத்தானே சட்டம்? எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: சகோதரி, முதலில் நாட்களை எண்ணுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன்படி கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் வேனில் நடந்ததோடு அது முடியவில்லை. அந்தப் போன்களும், இணங்காததற்காக ஆட்டத்தை மறுப்பதும் அதன் தொடர்ச்சிதான். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அதை நம்பி உட்கார வேண்டாம்.

கம்பெனிக்குத்தான் சட்டம் என்று உங்களிடம் சொன்னது யாரோ, தவறாகச் சொல்லிவிட்டார்கள். தினக்கூலி, தற்காலிகம், ஆள் மூலம் வேலைக்கு வந்தவர் என எல்லாரையும் இந்தச் சட்டம் பணியாளர் என்றே சொல்கிறது. வேலையின் பொருட்டுப் போகும் இடமும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம். அப்படியென்றால் கோவில் திடலும் அந்த வேனும் உங்கள் பணியிடம்தான்.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதாலும், புகாரே செட் நடத்துபவர் மேல் என்பதாலும், நீங்கள் போக வேண்டியது மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம். ராமநாதபுரம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேளுங்கள், வழி சொல்வார்கள். குழுவின் தலைவர் பெண்தான். எழுதத் தயக்கமென்றால் எழுத உதவுவது அவர்கள் கடமை. 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், உங்கள் பெயரை வெளியிடக் கூடாது. போலீசிலும் தனியாகப் புகார் தரலாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவில், பெண்ணின் விருப்பமின்றிப் பாலியல் நோக்கத்தோடு தொடுவதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஊர்ப் பேச்சுக்கு மட்டும் உட்காராதீர்கள். பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லலாம். ஆனால் சமரசத்தை நீங்களாகக் கேட்டால்தான் அந்தக் குழுவே செய்யலாம், அதிலும் பணம் கொடுத்து முடிக்க முடியாது. பஞ்சாயத்தில் பேசிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் உங்கள் 3 மாதத்தில்தான் கழியும்.

கூலிக்கு வருகிறேன். தவிலும் நாதஸ்வரமும் வாசிப்பவர் அதிகம் வாங்குகிறார் என்றால் அது வேறு வேலை என்று எதிர்த்தரப்பு தப்பிக்கும். உங்கள் பலமே அந்த ஆண் கரகம்தான். அதே மேடை, அதே ராத்திரி, தலையில் அதே கரகம். ஒரே வேலைக்கு ஆண் பெண் பார்த்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-ல் இருக்கிறது. செட் நடத்துபவர் என்ன சொல்வார் தெரியுமா? ‘இவர் தனிக் கலைஞர், என் ஆள் இல்லை’ என்பார். யார் கூலியைத் தீர்மானித்தது, திருவிழாக் கமிட்டியிடம் மொத்தப் பணத்தை யார் வாங்கியது, வேறு செட்டுக்குப் போகாதே என்று யார் தடுத்தது என்று கேட்டால் அந்த வாதம் நிற்பது கடினம். பெயர் போட்ட திருவிழா நோட்டீஸ், இருவரும் ஆடும் வீடியோ, ஜிபேயில் வந்த பணம் எல்லாமே சாட்சி.

முன்பணத்தை அவர் கேட்கலாம். அதைக் காட்டி வேறெங்கும் ஆடக் கூடாது என்று கட்டிப்போட முடியாது. கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், 1976 அதைத்தான் தடுக்கிறது. கலெக்டருக்கும் ஒரு மனு கொடுங்கள், அதில் இதையும் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

வக்கீல் செலவு பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், போன் 15100. போகும்போது, அவர் ராத்திரியில் அழைத்த உங்கள் போனையும் எடுத்துப் போங்கள். அழைப்புப் பட்டியலிலிருந்து ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.