சுவரில் சிவப்புக் கோடு

கேள்வி: எங்கள் வீதியை அகலப்படுத்தி, முனையில் மேம்பாலம் கட்டப்போகிறார்களாம். சுற்றுச்சுவர்களில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். காகிதம் எதுவும் வரவில்லை. சேர்ந்து எதிர்க்கலாம் என்றால், "நாம் தமிழர்கள், முன்னால் நிற்காதே" என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
- வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: வீட்டு வரி கட்டும்போது உங்கள் தாய்மொழியை யாராவது கேட்டார்களா? மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள்; கையெழுத்து எந்த மொழியிலும் இருக்கட்டும்.

கோஷத்துக்கு இப்போது அவசரமில்லை. முதலில் வரைபடத்தைக் கையில் வாங்குங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள். வயிற்றெரிச்சலையெல்லாம் அதில் கொட்டினால் தட்டிக்கழிக்கச் சாக்குக் கிடைத்துவிடும். வெட்டப்போகும் மரங்களின் பட்டியலுக்குத் தனி மனு. ஐம்பதுக்கு மேல் என்றால் பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்டாக வேண்டும் என்கிறது இங்குள்ள மரப் பாதுகாப்புச் சட்டம்.

பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் என்று 2016-இல் கிளம்பினார்களே, நினைவிருக்கிறதா? 6.7 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், 812 மரங்கள். அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். நானும் நின்றேன், பக்கத்தில் ஒரு பெரியவர், பால் பாக்கெட் பையை மணிக்கட்டில் மாட்டியபடி. படங்களில் வந்தது அந்தச் சங்கிலிதான். ஆனால் அதே மாதக் கடைசியில் இடைக்காலத் தடை வாங்கித் தந்தது, பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குக் காகிதக் கட்டோடு போனவர்கள். 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது.

இன்னொன்று. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிப் பேசுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி அறிவிப்பு வந்தால், ஆட்சேபிக்க 60 நாள் உண்டு. அந்தச் சட்டத்தில், மூன்று ஆண்டுகளாக அங்கே பிழைப்பு நடத்தி அதை இழப்பவரும் பாதிக்கப்பட்டவர்தான். முனைத் தையல்காரரையும் பூக்கார அம்மாவையும் கூப்பிடுங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். பூ விற்கிற நேரம் அது. மதியம் மூன்று மணிக்குத் தையல் கடையிலேயே கூடலாம்.