மறு: கொடி பிடித்திருக்கும் ஜேம்ஸ் மன்றோ அந்தப் படகில் இருந்தாரா?
மகளின் பள்ளிப் பேச்சுக்காகக் கேட்டிருந்தீர்கள்: அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் ஓவியத்தில் கொடியோடு நிற்கும் மன்றோ (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி), நிஜமாகவே அந்தப் படகில் இருந்தாரா என்று. இல்லை. ஓவியம் 1851-இல் வரைந்தது. அந்தக் கொடியே 1777-இல்தான் வந்தது.

1776 டிசம்பரில் 18 வயது லெப்டினன்ட் மன்றோ, முன்படையோடு முன்னதாகவே ஆற்றைக் கடந்து, எதிரிப்படை தங்கியிருந்த டிரென்டன் நகருக்கு வெளியே ஒரு சாலைச் சந்திப்பில் காவல் நின்றார். நாய்கள் குரைப்பதைக் கேட்டு வெளியே வந்த மருத்துவர் ஒருவர், விவரம் தெரிந்ததும் தானும் கூடவே கிளம்பிவிட்டார். காலையில் எதிரியின் பீரங்கிகளைப் பிடிக்கப் பாய்ந்தபோது மன்றோவின் தோளில் குண்டு பட்டு ரத்தக்குழாய் அறுந்தது. ரத்தத்தை நிறுத்தி உயிரைக் காப்பாற்றியவர் அதே மருத்துவர்தான்!

பேச்சை இங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அப்புறம் செனட்டர், ஆளுநர், 1817-இல் ஜனாதிபதி என்பதையெல்லாம் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அந்தக் குண்டு கடைசிவரை அவர் தோளிலேயே இருந்தது.