பழைய டிஜிட்டல் கிட்டார் எஃபெக்ட்ஸை ரிப்பேர் செய்யலாமா, மாடிஃபை செய்யலாமா?

நாகர்கோவிலில் இருப்பதாகவும், பழைய டிஜிட்டல் டிலே (எதிரொலி) பெடல் ஒன்றும், ரேக் எஃபெக்ட்ஸ் (சட்டத்தில் பொருத்தும் பெட்டி) ஒன்றும் கைக்கு வந்திருப்பதாகவும் சொல்லி, நல்ல பார்ட்ஸ் மாற்றினால் சத்தம் இன்னும் நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் திறங்கள். ஆனால் கரண்ட் வரும் வழியையும் மெமரி பேட்டரியையும் சரிசெய்து, ஒரு மாதம் வாசித்துப் பார்க்கும்வரை சத்தத்தில் கை வைக்காதீர்கள்.

நான் குளச்சல் பக்கம். எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் அண்ணன், பஹ்ரைனில் வேலை பார்த்தபோது வாங்கிய ரேக் பெட்டி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். திருவிழாக் கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) பெயர் வர வேண்டிய இடத்தில் கோடும் கட்டமுமாக வந்தது. "ஐசி போயிட்டு மக்கா" என்று கொண்டுவந்து வைத்தார். திறந்து மீட்டர் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய லித்தியம் பட்டன் செல்லில் 1.8 தான் இருந்தது. ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில், நாம் சேமிக்கும் பேட்சுகளை அந்தச் சின்ன செல்தான் பிடித்து வைத்திருக்கும். அதைக் கழற்றினால் மிச்சமும் போய்விடும். அதனால் கெடாமல் இருந்த பதினொரு பேட்சின் எண்களையும் அன்று ராத்திரி உட்கார்ந்து நோட்டில் எழுதினோம். அவர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உங்கள் பெட்டியில் மிடி அவுட் (இசைக்கருவிகள் தகவல் அனுப்பும் துளை) இருந்தால் பேட்சுகளை மொத்தமாகக் கம்ப்யூட்டருக்கு டம்ப் எடுக்க முடியுமா என்று மேனுவலில் பாருங்கள், வேலை மிச்சம். புது செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைக்க வேண்டாம், சூட்டில் வெடிக்கலாம். ஹோல்டர் ஒன்றை வைத்துவிட்டால் அடுத்த தடவை அயர்னே தேவையில்லை. மாற்றிய பிறகு ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, எண்களைத் திரும்ப ஏற்றுங்கள்.

நம்மூரில் இதைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. கடலோரத்திலிருந்து வந்த போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஐசி கால்களின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஆனி, ஆடி மழைக்குப் பிறகுதான் "விட்டுவிட்டு வேலை செய்யுது" என்று அதிகம் வரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் எடுத்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஐசியை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் தூக்கி, திரும்ப அழுத்துங்கள். எப்ரோம் (புரோகிராம் இருக்கும் சிப்) மேல் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடாதீர்கள். அதன் அடியிலுள்ள கண்ணாடி வழியாக வெயில் தொடர்ந்து பட்டால் உள்ளே இருக்கும் புரோகிராம் அழிந்துபோகும்.

அடாப்டர் விஷயத்தில் நான் நிறையப் பெட்டிகளைச் சவமாகப் பார்த்திருக்கிறேன். 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சில பழைய மல்டி எஃபெக்ட்ஸ் 9 வோல்ட் ஏசி கேட்கும். பெரும்பாலான கால்பெடல்கள் டிசி கேட்கும், அதுவும் பிளக்கின் நடுமுனை மைனஸாக. கடையில் கிடைக்கும் பொது அடாப்டர் பலவற்றில் நடுமுனை பிளஸ். அமெரிக்காவிலிருந்து வந்த ரேக் என்றால் 120 வோல்ட், ஜப்பான் என்றால் 100. நம்முடைய 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு சரி. பவர் பகுதியில் உப்பிய, ஒழுகிய கண்டன்சர்களை மாற்றிவிடுங்கள், 105 டிகிரி வகை வாங்குங்கள்.

அப்புறம் மாடிஃபிகேஷன். 1983-ல் வந்த பாஸ் டிடி-2 தான் கால்பெடல் அளவில் வந்த முதல் டிஜிட்டல் டிலே. 12 பிட் துல்லியம், எதிரொலி அதிகபட்சம் 800 மில்லிசெகண்ட். இப்படிப்பட்ட பெட்டிகளில் டிலேயை நீட்ட க்ளாக்கை (சிப்புகளை ஓட்டும் தாளத் துடிப்பை) மெதுவாக்குவார்கள். மெமரியில் இடம் அதே அளவுதான், சத்தத்தை எடுக்கும் தடவைகள் மட்டும் குறையும். அதனால் எதிரொலி நீளும், ஆனால் மேல் சுரம் மங்கும், விசில் மாதிரி ஓர் இரைச்சலும் நுழையும். அந்த மங்கல் பிடித்திருந்தால், ஒரு சுவிட்ச் போட்டு, பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்யுங்கள். 4558 ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் சின்ன ஐசி) கழற்றி விலையுயர்ந்தது போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஒலியின் குணம், சத்தத்தை எண்ணாக்கித் திரும்பச் சத்தமாக்கும் கன்வர்ட்டரிலும் ஃபில்டரிலும்தான் இருக்கிறது. அயர்ன் கொஞ்சம் அதிகம் சுட்டால் போர்டின் செம்புத் தடம் கையோடு வந்துவிடும். கம்பெனி தனக்கென்று செய்த சிப் போனால் இன்னொரு பழைய பெட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாடல் பெயரையும் அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். எந்த அடாப்டர் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கரண்ட் கொடுக்காதீர்கள்.