வீட்டுக்குள் சைக்கிள் ரேஸ்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கக் கேள்விகளுக்குப் பதில்

ஸ்விஃப்ட், மைவூஷ் போன்ற மெய்நிகர் தளங்களில் ஓடுகிறவர்களும் ஓட நினைக்கிறவர்களும் கேட்டவை கீழே. சைக்கிளை ட்ரெய்னர் என்ற கருவியில் பூட்டி அறைக்குள் மிதித்தால், மிதிக்கிற வலுவை அது வாட் கணக்கில் கணினிக்கு அனுப்பும்; திரையில் உங்கள் சைக்கிள் ஓடும். ஐரோப்பாவின் குளிர் அறைக்கு எழுதப்பட்ட அறிவுரை எங்கள் கரையோரத்துக்குப் பாதிதான் பொருந்தும். அதனால் சூடு, கரண்ட், இணையம், நித்திரை எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கல்லடி: அண்ணே, என்னட்ட கியர் இல்லாத லுமாலா ஒண்டு இருக்கு. ஸ்மார்ட் ட்ரெய்னர் வாங்கினா இதையே பூட்டலாமா?

டைரக்ட் டிரைவ் வகையில் முடியாது தம்பி. அதில் பின்சில்லைக் கழற்றிவிட்டு ட்ரெய்னரில் உள்ள கசெட்டில், அதாவது பற்சில்லுக் கட்டில், செயினைப் போட வேண்டும். அது பின் இடைவெளி 130 அல்லது 135 மில்லிமீற்றர் உள்ள கியர் சைக்கிளுக்குச் செய்தது. ஒற்றைக் கியர் சைக்கிளில் அந்த இடைவெளி பெரும்பாலும் குறைவு.

டயரை உருளையில் அழுத்துகிற வகையில் பூட்டலாம். ஆனால் லுமாலாவின் பின் அச்சில் இருப்பது சாதாரண நட். ட்ரெய்னரின் பிடிக்குள் அது வழுக்கும். அச்சின் புரியை அளந்து, ட்ரெய்னருக்கென்றே விற்கிற நட்டைப் போடுங்கள். ரோட் டயர் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே காற்றழுத்தம், 90 முதல் 100 பிஎஸ்ஐ. பத்து நிமிடம் ஓடி டயர் சூடான பிறகே கலிபிரேஷன், அதாவது ட்ரெய்னரின் அளவைச் சரிபார்க்கிற வேலை, செய்யுங்கள். குளிர்ந்த டயரில் செய்தால் வாட் கணக்கு பிழைக்கும்.

எர்க் முறையில், அதாவது ட்ரெய்னரே வாட்டைப் பிடித்து வைக்கிற முறையில், ஒற்றைக் கியரோடு நல்ல பயிற்சி செய்யலாம். ரேஸ் அப்படியில்லை. ஏற்றம் வந்தால் மாற்றக் கியர் வேண்டும். ரேஸ்தான் நோக்கம் என்றால் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்குங்கள், காசு வீண்போகாது.

கல்முனை: 4ஜி ரவுட்டர்தான். ஸ்பீட் டெஸ்ட்ல 20 மெகாபிட் காட்டுது, ஆனா இரவு ரேஸ்ல பக்கத்தில ஓடுறவங்க எல்லாரும் திடீரெண்டு காணாமப் போறாங்க. இன்னும் பெரிய பெக்கேஜ் எடுக்கணுமா?

எடுக்க வேண்டாம். இங்கே வேகம் பிரச்சினையே இல்லை. தளத்தோடு பரிமாறப்படுவது உங்கள் வாட், நீங்கள் நிற்கும் இடம், சுற்றி ஓடுகிறவர்களின் இடம் ஆகிய சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்கள் மட்டும். படம் முழுக்க உங்கள் கணினியே வரைகிறது. 2 மெகாபிட் ஒழுங்காக வந்தால் காணும். பொட்டலங்கள் தொலைவதும், வந்து சேரும் நேரம் குதிப்பதும்தான் ஆட்களை மறைக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டொப்பில் 8.8.8.8 என்ற முகவரிக்கு 100 தடவை பிங் (போய்த் திரும்பி வரும் நேரத்தை அளக்கிற சின்னப் பொட்டலம்) அனுப்புங்கள். காலை 5.30க்கு ஒரு தரம், இரவு 8.30க்கு ஒரு தரம். வீட்டில் மற்ற எல்லாரின் போனிலும் வைஃபையை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். 100இல் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. நேரம் எப்போதும் 80 மில்லிசெக்கன் என்றால் நல்லது, எப்போதும் 150 என்றாலும் ஓடலாம். ஒன்று 60, அடுத்தது 400 என்று ஆடினால்தான் வில்லங்கம்.

இரண்டு நேரமும் மோசம் என்றால் சிக்னல் குறைவு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90ஐ விடப் பூச்சியத்துக்குக் கிட்ட, மைனஸ் 80 போல, இருந்தால் பிரச்சினை இல்லை, மைனஸ் 110க்குக் கிட்டப் போனால் தாங்காது. ரவுட்டரை டவர் பக்க ஜன்னலுக்கு, உயரத்துக்கு, தகரக் கூரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் குழம்பினால் டவரில் நெரிசல். அதற்கு எந்த அன்டெனாவும் மருந்தில்லை. தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் அதற்கு மாறலாம், இல்லாவிட்டால் ரேஸ் நேரத்தை மாற்றலாம்.

மற்றவர்களின் போனை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்படியானால் யாரோ ஒருவரின் போன் படங்களைத் தானாக மேலேற்றிக்கொண்டிருக்கிறது. மேலேற்றும் பாதை அடைபட்டால் உங்கள் பொட்டலங்கள் வரிசையில் காத்து நிற்கும். ரேஸ் நேரத்தில் அந்த பேக்கப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏறாவூர்: எனக்கு ஆக்கள் மறையிறதில்ல. என்ட வாட்தான் மூணு நாலு செக்கனுக்கு பூச்சியமாகுது.

அது இணையமே இல்லை, ட்ரெய்னருக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு. மற்றவர்கள் மறைந்து உங்கள் வாட் நின்றால் இணையம். வாட் விழுந்து மற்றவர்கள் நின்றால் சென்சர். இதைப் பிரித்தறியாமல் ரவுட்டரை மாற்றிக் காசை விடுகிறவர்கள் நிறைய.

ட்ரெய்னர் கணினியோடு வயரில்லாமல் பேசும் முறைகளில் ஒன்றான ஆன்ட் பிளஸ் 2.457 கிகாஹேட்ஸில் பேசுகிறது. வைஃபையின் 11ஆம் சனலின் நடு 2.462, கிட்டத்தட்ட அதன் தலைக்கு மேலேயே. ரவுட்டரின் 2.4 கிகாஹேட்ஸ் பகுதியை 1ஆம் சனலுக்கு மாற்றுங்கள், லேப்டொப்பை 5 கிகாஹேட்ஸில் இணையுங்கள். ஆன்ட் பிளஸ்ஸைப் பிடிக்கிற சின்ன யூஎஸ்பி டொங்கிளை லேப்டொப்பின் பின்னால் செருகாமல் 2 மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் ட்ரெய்னருக்குக் கீழே கொண்டுவாருங்கள். யூஎஸ்பி 3 துளையும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும், யூஎஸ்பி 2 துளை இருந்தால் அது நல்லது. குசினிச் சுவருக்கு அடுத்த அறை என்றால் மைக்ரோவேவையும் கவனியுங்கள்.

ஆரையம்பதி: போன்ல ட்ரெய்னர் தெரியுது, லேப்டொப்ல தெரியுதில்ல.

போன் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பல ட்ரெய்னர்கள் புளூடூத்தில் ஒரு நேரம் ஒருவரோடுதான் பேசும். போனின் புளூடூத்தை நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

அக்கரைப்பற்று: கரண்ட் ஒரு நிமிசம் போய் வந்தாலே ரேஸ் முடிஞ்சுது. யூபிஎஸ் எதுக்கெல்லாம் போடணும்?

முதலில் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும். கரண்ட் வந்தாலும் அவை எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், ரேஸ் அங்கேதான் போகிறது. அவை பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை, ஆகவே 12 வோல்ட் தருகிற மினி யூபிஎஸ் காணும். இரண்டு அடாப்டரிலும் எழுதியுள்ள அம்பியரைக் கூட்டி, அதற்கு மேல் தரக்கூடியதை வாங்குங்கள்.

ட்ரெய்னருக்கு 650 விஏ யூபிஎஸ் தாராளம். அதில் ஃபேனைச் செருகாதீர்கள்; மலிவான யூபிஎஸ்ஸில் ஃபேன் மோட்டர் உறுமிச் சூடாகும், பற்றரியும் கெதியாக இறங்கும். கரண்ட் வராமல் ஃபேன் நின்றே இருந்தால் ரேஸை விட்டு இறங்குங்கள். அந்தச் சூட்டில் பிடித்து முடிப்பதற்கு எந்த இடமும் பெறுமதியில்லை.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் கூடும். அப்போது பிளக்குகளைக் கழற்றுங்கள். செம்புத் தொலைபேசி வயர் வருகிற வீட்டில் அதையும் கழற்ற வேண்டும். மல்டிபிளக்கை ஒருபோதும் சைக்கிளுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். வியர்வை சொட்டி டிரிப் சுவிட்ச் விழுவது அதிர்ஷ்டம் இருந்தால் நடப்பது.

வாழைச்சேனை: றோட்டில 200 வாட்டுக்கு இதயத்துடிப்பு 145. அறைக்குள்ள அதே 200க்கு 162. ட்ரெய்னர் பிழையா?

பிழையாக இருக்கலாம், ஆனால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். உடல் எரிக்கிற சக்தியில் 20 முதல் 25 வீதம்தான் பெடலுக்குப் போகிறது. 200 வாட் மிதித்தால் 600 முதல் 800 வாட் வரை வெப்பமாக வெளியேற வேண்டும், சின்ன மின்னடுப்பு ஒன்றை நெஞ்சுக்குள் வைத்திருப்பதுபோல. றோட்டில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அதைக் கொண்டுபோகிறது. அறைக்குள் காற்றே இல்லை. போதாததற்கு எங்கள் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் நிலத்தில் சொட்டும். சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. இரத்தம் தோலுக்கு ஓட, தசைக்கும் அனுப்ப இதயம் கூடுதலாக அடிக்கிறது. அந்த 17 துடிப்பு அதுதான்.

ஆகவே ட்ரெய்னரில் மிச்சம் பிடித்தாவது ஃபேனில் செலவழியுங்கள். ஒன்று முன்னால், ஒரு மீற்றர் தூரத்தில், நெஞ்சுக்கும் முகத்துக்கும் படும்படி. மற்றது பின்பக்கச் சரிவில், முதுகுக்கு. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கச்சான் காற்று வீசும் பின்னேரம் தவிர. அது வெக்கையைத்தான் உள்ளே கொண்டுவரும். ஏசி இருந்தால் 25 பாகையில் போட்டு ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள், அது ஈரத்தை எடுப்பதே பெரிய உதவி.

ஓட முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்து நிறையைப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். இடையில் குடித்ததையும் கூட்டினால் உங்கள் வியர்வை அளவு வரும். ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி சீனி, பாதித் தேசிக்காய். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, வியர்வையில் போகிற சோடியம் குறைவு. ஓடி முடித்துக் குடிக்கும்போது ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எஃப்டிபியையும், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டையும், அதே அறையிலேயே அளவிடுங்கள். 20 நிமிட அதிகபட்ச சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்கினால் வரும் எண் அது. றோட்டில் எடுத்த எண்ணை அறைக்குள் கொண்டுவந்தால் ஒவ்வொரு பயிற்சியும் அளவுக்கு மிஞ்சும்.

களுவாஞ்சிகுடி: அண்ணா, நான் டீச்சர். நல்ல ரேஸ் எல்லாம் இரவு 11.30க்குத்தான் வருது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில நிக்கவே ஏலாமக் கிடக்கு.

அது குளிர்காலத்தில் லண்டன் மாலை 6 மணி, தங்கச்சி. அப்போது எங்களுக்கு 5.30 மணி நேரம் முந்தி. 12.30க்கு முடித்து, இதயத்துடிப்பு அடங்கி, குளித்து, கண் மூட 2 மணியாகும். பயிற்சியின் பலன் நித்திரையில்தான் உடம்பில் சேர்கிறது. அதை வெட்டி ரேஸ் ஓடினால் நட்டம்தான்.

அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாலை ரேஸ்களைத் தேடுங்கள். அங்கே இரவு 7 மணி என்றால் எங்களுக்கு அடுத்த நாள் காலை 5.30, அவர்கள் கோடை நேரத்துக்கு மாறும் மாதங்களில் 4.30. அந்த நேரத்தில் அறை நாளின் மிகக் குளிர்ந்த நிலையில் இருக்கும், டவரில் நெரிசல் இருக்காது, ராத்திரி முழு நித்திரையும் கிடைத்திருக்கும். எங்கள் பகுதிக்கு ரேஸ் நேரம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இரவு 9.30க்குப் படுங்கள். எழும்பியதும் ஒரு வாழைப்பழமும் சீனி போட்ட தேத்தண்ணியும், 20 நிமிடம் சூடேற்றல், பிறகு ரேஸ். இரவு ரேஸ் தவிர்க்க முடியாதென்றால் வெள்ளி அல்லது சனி இரவில் மட்டும்.

அம்பாறை: ரேஸ் தொடங்கினதுமே விட்டிட்டுப் போயிடுறாங்க. அதுக்குப் பிறகு பிடிக்கவே ஏலாது.

மெய்நிகர் ரேஸின் முதல் மூன்று நிமிடம் எஃப்டிபிக்கு மேலேதான் போகும். கூட்டத்தை விட்டால் காற்று மறைப்புப் போய்விடும், தனியே பிடிப்பது முடியாத காரியம். சூடேற்றலில் ஒரு நிமிடக் கடும் முயற்சி மூன்று போடுங்கள், எண்ணிக்கை பூச்சியமாக 10 செக்கன் இருக்கும்போதே மிதிக்கத் தொடங்குங்கள். எர்க் முறை அணைந்திருக்க வேண்டும். சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் ஸ்விஃப்டில் 2020இல் நடத்திய முதல் உலகச் சம்பியன்ஷிப்பில் ஆண்கள் பிரிவில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஒஸ்போர்ன் அடிப்படையில் படகோட்ட வீரர். இந்த ரேஸ் கேட்பது சைக்கிள் சாதுரியத்தை விட நெஞ்சையும் காலையும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

சம்மாந்துறை: கிழமைக்கு நாலு ரேஸ் ஓடுறன். ரெண்டு மாசமா எஃப்டிபி ஏறவே இல்ல, இப்ப இறங்குது. இன்னும் கூட்டணுமா?

குறையுங்கள். ஒரு ரேஸ் என்பது ஒரு கடும் நாள். கிழமைக்குக் கடும் நாள் இரண்டு, அவற்றுக்கிடையில் 48 மணி நேரம். உங்கள் நான்கில் எதிலிருந்தும் உடல் முழுதாக மீண்டிருக்காது.

இப்படி வையுங்கள்: திங்கள் ஓய்வு. செவ்வாய் கடும் பயிற்சி, எஃப்டிபியின் 95 முதல் 100 வீதத்தில் 8 நிமிடம் நான்கு தரம், இடையே 4 நிமிடம் மெதுவாக. புதன் 45 நிமிடம் 55 முதல் 65 வீதத்தில். ஒரு முழு வசனத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். வியாழன், வெள்ளி அதேபோல அல்லது ஓய்வு. சனி விடிய ரேஸ். ஞாயிறு வெளியே, கரையோர ஏ4 வீதியில் இரண்டு மணி நேரம் இலேசாக. மூன்று கிழமைக்குப் பிறகு நான்காவதில் எல்லாவற்றையும் 40 வீதம் குறையுங்கள், ரேஸ் வேண்டாம்.

விடிய எழும்ப முன் படுக்கையிலேயே துடிப்பை எண்ணுங்கள். வழமையைவிட 7 கூடுதலாக இரண்டு நாள் நின்றால் அன்றைய கடும் பயிற்சி ரத்து. 200 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 720 கலோரி எரியும். அதைச் சோற்றில் திருப்பிக் கொடுங்கள், கூடவே 20 முதல் 25 கிராம் புரதம்: ஒரு நல்ல மீன் துண்டு, அல்லது இரண்டு முட்டையோடு ஒரு கோப்பை எருமைத் தயிர். மெலிவதற்காகப் பட்டினி கிடந்து ரேஸ் ஓடுகிறவர்களின் எஃப்டிபிதான் முதலில் இறங்குகிறது.

காத்தான்குடி: நோன்பு காலத்தில என்ன செய்றது அண்ணன்?

கடும் ஓட்டம் நோன்பு திறந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, கிழமைக்கு ஒன்று மட்டும், 40 நிமிடத்துக்குள். பகலில் ஓட விரும்பினால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு 40 நிமிடம் முன் தொடங்குங்கள், எஃப்டிபியின் 60 வீதத்தைத் தாண்ட வேண்டாம், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். அந்த மாதம் எஃப்டிபியைக் காப்பாற்றினாலே வெற்றி. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் ஸஹர் வரை பிரித்துக் குடியுங்கள்.

செங்கலடி: காய்ச்சல் ரெண்டு நாள். பனடோல் போட்டா விட்டுடுது. ஞாயிறு ரேஸ் ஓடலாமா?

ஓடக் கூடாது. காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் இதயத் தசை பாதிக்கப்படலாம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் டெங்கு சாதாரணம், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை உடல் நோவுக்கு இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் எதுவும் எடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். டெங்கு வந்து மாறினால் மருத்துவர் சரி சொன்ன பிறகு 20 நிமிட மெதுவான ஓட்டத்தில் தொடங்குங்கள். ரேஸைப் பற்றி அதற்குப் பல கிழமைகள் கழித்து யோசிக்கலாம்.

திருக்கோவில்: தம்பி, கடற்கரையில இருந்து ரெண்டாவது வீடு. ஆறு மாசத்தில ஹேன்டில் பக்கமெல்லாம் துரு ஏறிட்டு.

கடல் உப்பும் வியர்வை உப்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஐயா. ஓடும்போது ஹேன்டிலிலிருந்து சீற் வரை துவாயை விரியுங்கள். முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வெறும் உலர்ந்த துணி உப்பைத் தேய்த்து விடும். மாதம் ஒரு தரம் ஸ்டெம்மின், அதாவது ஹேன்டிலைப் பிடித்திருக்கும் துண்டின், ஆணிகளைக் கழற்றி, கிறீஸ் பூசி, ஸ்டெம்மில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்குங்கள். ஹேன்டில் டேப்பை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் உரித்துப் பாருங்கள். அதற்குக் கீழே அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்திருந்தால் அந்த ஹேன்டிலை மாற்றத்தான் வேண்டும், ஸ்பிரின்டில் இழுக்கும்போது ஒடியும்.