விரியும் பிரபஞ்சத்துக்கும் கருந்துளை போல நிகழ்வெல்லை (அதற்கு அப்பாலிருந்து ஒளிகூட நம்மை எட்டாத எல்லை) உண்டா? இரண்டுக்கும் என்ட்ரோபிக் கணக்கு (உள்நிலை எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு) ஒன்றுதானா?

உண்டு, சூத்திரமும் ஒன்றுதான். உள்ளும் புறமும் இடம் மாறுவதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

முதலில் கருந்துளை. இயற்பியலாளர் பெக்கென்ஸ்டைன் 1970-களின் தொடக்கத்தில் சொன்னதை ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் உறுதிசெய்தார்: நிகழ்வெல்லையின் பரப்பை பிளாங்க் நீளத்தின் (இயற்பியலின் மிகச் சிறிய நீள அலகு) வர்க்கத்தால் வகுத்துக் கால் பங்கு எடுத்தால், போல்ட்ஸ்மன் மாறிலி (என்ட்ரோபியை அளக்கும் அடிப்படை எண்) அலகில் என்ட்ரோபி கிடைக்கும். சூரிய நிறையுள்ள, சுழலாத கருந்துளைக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 2.95 கி.மீ., பரப்பு 1.1×10⁸ சதுர மீட்டர், பிளாங்க் நீளத்தின் வர்க்கம் 2.6×10⁻⁷⁰ சதுர மீட்டர். விடை சுமார் 10⁷⁷. நம் சூரியனுக்கோ ஏறத்தாழ 10⁵⁸தான். நிறை அதே நிறை, நடுவில் பத்தொன்பது சுழி!

நிறை இரட்டித்தால் என்ட்ரோபியும் இரட்டிக்கும் என்று எழுதிவிடாதீர்கள். ஆரம்தான் இரட்டிக்கும், பரப்பு நான்கு மடங்காகும். அதாவது பரப்பு நிறையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுழற்சியையும் விட்டுவிடக் கூடாது, அது பரப்பைக் குறைக்கும். லைகோ ஆய்வகம் 2015-இல் பிடித்த முதல் ஈர்ப்பலையில் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வு) 36, 29 சூரிய நிறைக் கருந்துளைகள் இணைந்து 62 ஆயின. நிறைகளின் வர்க்கக் கூட்டல் 2137, 62-இன் வர்க்கம் 3844. புதிய கருந்துளையின் சுழற்சி அளவு (உச்சம் 1 என்றால்) 0.67 என்பதால் பரப்பில் 13 சதவீதம் கழியும், கிட்டத்தட்ட 3350 நிற்கும். மூன்று சூரிய நிறை அலைகளாகப் பறிபோன பிறகும் பரப்பு கூடித்தான் இருக்கிறது.

பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கமடைவதால் நம்மைச் சுற்றியும் ஒரு நிகழ்வெல்லை, இன்று 1,600 கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால். இதை ஹபிள் ஆரம் (விலகும் வேகம் ஒளியின் வேகத்தை எட்டும் தூரம், சுமார் 1,440 கோடி ஒளியாண்டு) என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. ஹபிள் ஆரத்தைத் தாண்டி, ஒளியைவிட வேகமாக விலகும் விண்மீன் மண்டலத்திலிருந்து இன்று கிளம்பும் ஒளியும், அது நிகழ்வெல்லைக்குள் இருக்கும்வரை, என்றாவது நம்மிடம் வந்து சேரும்.

இந்த எல்லைக்கும் அதே கால் பங்கு விதி செல்லும் என்று கிப்பன்ஸும் ஹாக்கிங்கும் 1977-இல் காட்டினார்கள். என்ட்ரோபி 10¹²² அளவில் வரும். பொருளெல்லாம் விலகிப்போன எதிர்காலத்தில் இந்த எல்லையின் வெப்பநிலை சுமார் 2×10⁻³⁰ கெல்வின்.

கருந்துளைக்குள் நிறை விழுந்தால் அதன் எல்லை விரியும். இங்கோ எல்லைக்குள் இருக்கும் நிறை எல்லையை உள்ளே இழுத்துச் சுருக்குகிறது. அது வெளியேறினால்தான் பரப்பு கூடும். காலியான பிரபஞ்சத்துக்கே என்ட்ரோபி அதிகம் என்பது அதனால்தான். அதற்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய சுழலாத கருந்துளையை வைத்து, இரு எல்லைகளின் பரப்பையும் கூட்டிப் பாருங்கள்: காலியாக இருந்தபோதைய பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும்.