பழைய சர்வரில் டிஸ்க் தெரியவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

வீட்டில் செகண்ட் ஹேண்ட் சர்வர் வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் ஹார்ட் டிஸ்க் சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். "அக்கா, டிஸ்க் செத்துப்போச்சு" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறீர்கள். டிஸ்கைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கிற கார்டு, கேபிள், பேக்பிளேன் (டிஸ்குகள் போய்ச் செருகும் பலகை) எல்லாவற்றையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

ஈசூன்: டெல் ஆர்720 வாங்கினேன், எச்710 கார்டோடு. 4 டிபி சாட்டா டிஸ்க் இரண்டு போட்டேன். விளக்கு பச்சையாக எரிகிறது, ஆனால் உபுண்டுவில் ஒன்றுமே காட்டவில்லை. டிஸ்க் டெட்டா அக்கா?

இல்லை தம்பி, டிஸ்க் நன்றாக இருக்கிறது. எச்710 ஒரு ரெய்டு கார்டு, அதாவது பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு. டிஸ்கை அப்படியே லினக்ஸிடம் (உங்கள் உபுண்டுவும் அதில் ஒரு வகைதான்) கொடுக்காது, நீங்கள் அதன் மெனுவில் போய் ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உண்டாக்கினால் அதை மட்டும்தான் காட்டும். மெஷின் ஆன் ஆகும்போது கண்ட்ரோல் ஆர் அழுத்தினால் அந்த மெனு வரும். ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனி ரெய்டு 0 ஆக்கலாம், வேலை நடக்கும். ஆனால் டிஸ்குகளை நேராகத் தானே நிர்வகிக்கிற இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போடுகிற எண்ணம் இருந்தால் அந்த வழி வேண்டாம். கார்டை ஐடி மோடுக்கு (ரெய்டு செய்யாமல் டிஸ்கை அப்படியே காட்டும் நிலைக்கு) மாற்றுங்கள், அல்லது எல்எஸ்ஐ 9211-8ஐ மாதிரி நேராக டிஸ்கைக் காட்டும் கார்டு ஒன்று பழசாக வாங்கிப் போடுங்கள்.

அதே மெனுவில் 'ஃபாரின்' என்று ஒரு டிஸ்க் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது முன்பு வேறொரு மெஷினில் ரெய்டில் இருந்த டிஸ்க், அந்த விவரம் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் டேட்டா வேண்டுமென்றால் இம்போர்ட், வேண்டாமென்றால் கிளியர். எது என்று நிச்சயமாகத் தெரியாத வரைக்கும் 'இனிஷியலைஸ்' பக்கம் கையை வைக்காதீர்கள், அது அழித்துவிடும்.

உட்லண்ட்ஸ்: கம்பெனி ஸ்டோரேஜிலிருந்து கழித்த சாஸ் டிஸ்க் (சர்வர் வகை இணைப்பு உள்ளது) 4 மலிவாகக் கிடைத்தது. லினக்ஸில் பெயர் வருகிறது, அளவு மட்டும் 0 என்று காட்டுகிறது.

இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதனால் நல்ல டிஸ்குகள் நிறைய குப்பைக்குப் போகின்றன. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளில் பல மாடல்கள் ஒரு செக்டருக்கு (டிஸ்க் டேட்டாவை எழுதும் சிறு துண்டு) 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் வைத்து ஃபார்மட் செய்யும். அந்தக் கூடுதல் 8 பைட் டேட்டா சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க. நம் லினக்ஸுக்கு 520 ஒத்துவராது, அதனால்தான் 0. லினக்ஸின் செய்திப் பதிவான டிமெசேஜைப் பாருங்கள், செக்டர் அளவு சப்போர்ட் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஐடி மோடில் உள்ள கார்டில் மாட்டி, எஸ்ஜி3-யுடில்ஸ் தொகுப்பில் இருக்கும் எஸ்ஜி_ஃபார்மட் கட்டளையில் அளவை 512 என்று கொடுத்து ஓட விடுங்கள். ரெய்டு கார்டு வழியாக முயன்றால் பெரும்பாலும் நடக்காது. பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் 'ஃபார்மட் கரப்டட்' என்று அழும். பதறாமல் அதே கட்டளையை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். 4 டிஸ்கையும் ஒரே நேரத்தில் செய்யலாம், ஆனால் எந்த எண் எந்த டிஸ்க் என்று சீரியல் நம்பரோடு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். தவறான டிஸ்கில் இந்தக் கட்டளை ஓடினால் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

தெம்பனிஸ்: சாஸ் டிஸ்கை வீட்டு பிசியில் மாட்டிப் பார்க்கலாமா?

முடியாது. சாஸ் கார்டில் சாட்டா டிஸ்க் ஓடும், சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் ஓடாது. பிளக்கைத் திருப்பிப் பாருங்கள்: சாட்டாவில் டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், சாஸில் அந்த இடம் அடைத்திருக்கும். அதனால் சாட்டா கேபிள் உள்ளேயே போகாது, வம்படியாக அழுத்தாதீர்கள்.

பொங்கோல்: 4 டிஸ்க் ரெய்டு 5. கொஞ்ச நாளுக்கு ஒருமுறை மூன்றாவது ஸ்லாட்டில் உள்ள டிஸ்க் கழன்றுவிடுகிறது. டிஸ்கையே மாற்றிவிட்டேன், புதியதும் அப்படியேதான்.

டிஸ்க் மாறியும் அதே ஸ்லாட் என்றால் விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 199-ஐப் பாருங்கள், அது சிஆர்சி பிழை, அதாவது டேட்டா வழியில் கெட்டுப்போனது. கெட்ட செக்டர்களை எண்ணும் 5, 197, 198 மூன்றும் 0-வாகவே இருந்து 199 மட்டும் ஏறினால் டிஸ்கின் தட்டில் குறையில்லை. அந்த எண் கீழே இறங்காது, அதனால் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். மெஷினை அணைத்து, டிஸ்க் மாட்டியிருக்கும் சட்டத்தை (கேடி) வெளியே இழுத்து, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பேக்பிளேன் பிளக்கில் பச்சையாகவோ மங்கலாகவோ படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய விட்டு மாட்டுங்கள். கார்டிலிருந்து பேக்பிளேனுக்குப் போகும் மினி சாஸ் கேபிளையும் கழற்றித் திரும்ப அழுத்துங்கள், 'கிளிக்' என்று சத்தம் வர வேண்டும். அப்புறமும் ஏறினால் கேபிளை மாற்றுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் பேக்பிளேன்.

வெவ்வேறு ஸ்லாட்டில் மாறி மாறிக் கழன்றால் கதை வேறு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க வெகு நேரம் போராடும், ரெய்டு கார்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, டிஸ்க் போய்விட்டது என்று தள்ளிவிடும். நாஸ் வகை டிஸ்க் சுமார் 7 நொடியில் விட்டுக்கொடுக்கும். அதிலும் எஸ்எம்ஆர் டிஸ்க் (டேட்டா வரிகளை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வகை) வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-இல் தெரியவந்தது, புது டிஸ்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும் ரீபில்ட் நேரத்தில் அவை படுத்தும்.

செங்காங்: வீவக வீட்டு பாம் ஷெல்டருக்குள் வைத்திருக்கிறேன். சத்தமும் சூடும் தாங்கவில்லை. கதவை மூடலாமா?

மூடாதீர்கள் அக்கா. கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, சூடு எளிதில் வெளியே போகாது. கேபிள் இழுக்கச் சுவரை உடைக்கவோ கதவைக் கழற்றவோ அனுமதியும் இல்லை. டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. டெல் இல்லாத கார்டு ஒன்று போட்டதும் சத்தம் கூடியதென்றால், ஆர்720 அந்தக் கார்டின் சூடு தெரியாமல் விசிறியை வேகமாக்குகிறது. சர்வரின் நிர்வாகச் சிப்போடு பேசும் ஐபிஎம்ஐ கட்டளையால் அதை நிறுத்தலாம். பில்லையும் பாருங்கள்: 120 வாட் மெஷின் மாதம் 86 யூனிட் இழுக்கும், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலே 26 வெள்ளி.

அங் மோ கியோ: கரோசெல்லில் பழைய டிஸ்க் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஸ்மார்ட் விவரத்தின் படம் கேளுங்கள், சாஸ் என்றால் 'குரோன் டிஃபெக்ட்' (ஓடத் தொடங்கிய பிறகு சேர்ந்த கெட்ட இடங்கள்) எண்ணிக்கையும். ஓடிய மணி நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், அதை 0 ஆக்கிவிட முடியும். 2025 தொடக்கத்தில் பழைய சீகேட் டிஸ்குகளை இப்படிப் புதிது என்று விற்றது அம்பலமானது. சீகேட் என்றால் ஓடிய நேரத்தைத் தனியாகக் குறிக்கும் ஃபார்ம் லாக் என்று ஒன்று உண்டு, ஸ்மார்ட் விவரத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்கும். ஸ்மார்ட், ஃபார்ம் இரண்டிலும் உள்ள மணி நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள்.